ஜட்ஜ் வெல்டனுக்கு அப்பா போட்ட மாலை

1

நாங்கள் குடியிருக்கும் இந்த அமெரிக்க ஊரில் இந்த வாரம் திருவிழா. தேரும் பொரிகடலையும்தான் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. ஊரே பெருமைப்படும் ஜட்ஜ் ஹைரம் வெல்டன் பிறந்து இருநூறு வருடம் ஆகிறதாம். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் அவர் படம் போட்ட துணி தொங்குகிறது. என் மகள் ஜெனி படிக்கும் பள்ளிக்கு அவர் பெயர். நான் நர்ஸாக வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலைக்கும் அவர் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். போன வருடம் அந்த ஜட்ஜின் சிலைக்கு எங்கள் அப்பா மாலை போடுகிற போட்டோவை ஆரணியில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "அமெரிக்காவையே அசத்திட்டாரு தானியேல் அண்ணன்" என்று வாழ்த்து அனுப்பினீர்கள். தயவுசெய்து அந்த வாழ்த்தையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

2

அப்பாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணி கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். மார்பில் பட்டையும் வில்லையும் போட்டுக்கொண்டு, கோர்ட் வாசலில் நின்று, வாதி பிரதிவாதி பெயர்களை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. தாத்தா தேசூர் பக்கம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு உழைத்துச் செத்தவர். பண்ணைக்காரர் வீட்டு வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. அதே பண்ணைக்காரர் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக ஆரணி கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா அவர் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் அவரால் உள்ளே போக முடிந்தது. இதை அப்பா எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அலுக்காது. கோர்ட் என்றால் அவருக்கு இன்னொரு சர்ச் மாதிரி. ஜட்ஜ் என்றால் எழுந்து நிற்கிற உடம்பு அது.

அம்மா இறந்த பிறகு மனசு மாறட்டும் என்று அவரை இங்கே அழைத்து வந்தேன். பகலெல்லாம் வீட்டில் தனியாக என்ன செய்வார்? இந்த ஊர் பெடரல் கோர்ட் நடக்கிற தூரம்தான். தினமும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து வழக்கு கேட்டுவிட்டு வருவார். முதல் நாள் வந்து அவர் சொன்னது இது.

"இன்னாம்மா கோர்ட்டு இது? பேங்க் மாரி கீது. ஒருத்தனும் பேரு கூப்புட மாட்டன்றான். பேரு கூப்புடாம இன்னா கேசு?"

அந்தக் கோர்ட் வாசலில் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. கோட்டுப் போட்டு, சட்டப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நிற்கிற சிலை. ஆரணியில் எங்கள் தெரு முனையில் நிற்கிற சிலையும் கோட்டுப் போட்டு, புத்தகத்தை அணைத்துக்கொண்டுதான் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தக் கோலத்தில் ஒருவர் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் நமக்காக நின்றவர். அப்பா ஜெனியிடம் கேட்டார்.

"யாரு பாப்பா இவுரு?"

"பெரிய ஜட்ஜ் தாத்தா. சின்ன வயசுல ரொம்ப பூர். அப்புறம் படிச்சு ஃபேமஸ் ஆயிட்டார்."

அதற்கு மேல் அப்பாவுக்கு என்ன வேண்டும்? மறுநாள் மளிகைக் கடையில் கார்னேஷன் பூவை அள்ளிக்கொண்டு வந்து, காலையெல்லாம் உட்கார்ந்து நூலில் கட்டினார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கோர்ட் காவலாளி முதலில் வெடிகுண்டோ என்று பயந்து ஓடி வந்தவன், விஷயம் புரிந்ததும் தானே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டான். அப்பா ஏறி மாலையைப் போட்டு, கை கூப்பினார். அந்த வழியாகப் போன உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கிளிக் செய்துவிட்டான். உலகத்தின் மறுகோடியிலிருந்து நம் நீதிபதிக்கு ஒரு வணக்கம் என்று அடுத்த நாள் முதல் பக்கத்தில் வந்தது. அதுதான் உங்களுக்கு நான் அனுப்பிய படம். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆரணிக்கு விமானம் ஏறினார்.

3

ஜட்ஜ் வெல்டனின் கதையை இந்த ஊர்ப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும். ஜெனியும் பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள். அவள் எழுதியதை எங்கள் வீட்டுச் சமையலறையில் வாசித்துக் காட்டியபோது நானே சொக்கிப்போனேன்.

கிழக்கே ஏதோ ஒரு மலைக்காட்டில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவராம். பள்ளிக்கூடம் போனது பனிக்காலத்தில் மட்டும். பிறகு ஒரு வக்கீல் அலுவலகத்தில் பெருக்கி, துடைத்து, மை கலக்கி, அங்கிருந்த சட்டப் புத்தகங்களைப் படித்தே வக்கீல் ஆனார். படகு ஏறி இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு சட்டப் புத்தகமும். நிலத் தகராறு, படகு மோதல், கள்ள நோட்டு என்று வழக்குகள் நடத்திப் பெயர் வாங்கினார். சட்டசபைக்குப் போனார். கட்சிக்காக உழைத்தார். கட்சி ஜெயித்ததும் ஜனாதிபதி அவரை பெடரல் நீதிபதியாக நியமித்தார். அந்தப் பதவிக்கு ஓய்வு வயது கிடையாது, ஆயுள் முழுக்க அவர்தான். குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கோர்ட் நடத்தினார். ரயில் கம்பெனிகளே அவரைக் கண்டால் நடுங்குமாம். உள்நாட்டுப் போர் வந்தபோது தேசத்தின் பக்கம் நின்றார். போருக்குப் பிறகு விடுதலையைப் பற்றி அவர் பேசிய பேச்சுகளைக் கேட்டு ஊரே கண்கலங்கியதாம். நாற்காலியில் இருந்தபடியே காலமானார். கடைகளை அடைத்துத் துக்கம் காத்தார்கள்.

பாருங்கள், எவ்வளவு நல்ல கதை. பெருக்கித் துடைத்துப் படித்தவர் என்றதும் எனக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஞாபகம்தான் வந்தது. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

4

அப்பாவின் போட்டோவை வெட்டி, ஆஸ்பத்திரியில் நாங்கள் காபி குடிக்கும் அறையின் பலகையில் ஒட்டியிருந்தேன். எல்லாரும் ஆஹா என்றார்கள், டெனிஸ் ஒருத்தியைத் தவிர. டெனிஸ் என்னோடு அதே வார்டில் வேலை செய்கிற கறுப்பினப் பெண். எனக்குப் பிரசவம் ஆனபோது கூடவே இருந்தவள். அவள் படத்தைப் பார்த்தாள், காபியை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு வாரம் அப்படியே போனது. நானே போய்க் கேட்டேன்.

"அது உன் அப்பாதானே?" என்றாள்.

"ஆமாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

அவள் சொன்னாள். போருக்கு முந்தைய காலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடிமை முறை உள்ள மாநிலம், இந்தப் பக்கம் அது இல்லாத மாநிலம். ஒரு பெண் ஆற்றைக் கடந்து இந்த ஊருக்குத் தப்பி வந்தாள். ஒரு தச்சன் வீட்டில் அடைக்கலம். துணி துவைத்துப் பிழைத்தாள், ஒரு குளிர்காலம் முழுக்க மனுஷியாக வாழ்ந்தாள். பிறகு அவளுடைய முதலாளி ஆள் பிடிப்பவர்களோடு வந்து சேர்ந்தான். வழக்கு ஜட்ஜ் வெல்டனிடம் போனது. அன்றைய சட்டப்படி, தப்பி வந்தவரை எந்த மாநிலத்திலிருந்தும் திரும்பப் பிடித்துப் போகலாம், முதலாளி தரப்பு சாட்சி சொன்னால் போதும். பிடிபட்டவர் வாய் திறக்கவே கூடாது. தன் வழக்கில் தானே சாட்சி சொல்ல முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அவள் நின்றாள், ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார், சங்கிலி மாட்டிப் படகில் ஏற்றிவிட்டார்கள். அடைக்கலம் கொடுத்த தச்சனுக்கும் அவரே தண்டனை விதித்தார்.

"எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு முறை அவளுக்காக ஜெபம் செய்வோம். 'எங்கள் சகோதரி' என்றுதான் சொல்வோம். தீர்ப்பில் இருப்பது முதலாளி வைத்த பெயர். இங்கே வந்து அவள் தனக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டாள் என்று யாருக்கும் தெரியாது" என்றாள் டெனிஸ்.

நான் எழுந்து போய்ப் பலகையில் இருந்த படத்தைக் கிழித்தேன்.

அன்று சாயங்காலம் ஜெனியிடம் கேட்டேன், உன் கட்டுரையில் இதெல்லாம் எங்கேடி என்று. புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறதாம். மனம் நொந்தபடி சட்டத்தை நிலைநாட்டினார் என்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நொந்த மனசு படகில் ஏறிப் போனவளுக்கு என்ன பிரயோஜனம்?

"லா அப்படி இருந்துச்சும்மா. அவர் என்ன பண்ணுவார்? உங்க ஊர்லயும் அந்தக் காலத்துல அப்படித்தானே?" என்றாள் ஜெனி.

உங்க ஊர். நம்ம ஊர் இல்லை, உங்க ஊர். அந்த வார்த்தைக்கு ஒரு அறை விட்டிருப்பேன், என் வீட்டுக்காரர் நடுவில் வந்துவிட்டார். என்ன பண்ணுவார் என்றா கேட்கிறாள்? ராஜினாமா செய்திருக்கலாம். அந்தக் காலத்திலேயே அந்தத் தச்சனுக்குத் தெரிந்தது, ஆயுள் முழுக்க நாற்காலி வாங்கிய ஜட்ஜுக்குத் தெரியவில்லையா? காற்று மாறிய பிறகு விடுதலையைப் பற்றிப் பேச யாருக்குத்தான் வராது?

5

அப்பாவிடம் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் இந்த வருட ஆரம்பத்தில் விழாக் குழு அழைப்பிதழ் அச்சடித்தது. அட்டையில் அப்பா. கண்காட்சி மண்டபத்தில் அதே படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைக்கப் போவதாக உள்ளே குறிப்பு. ஒருத்தரும் எங்களைக் கேட்கவில்லை. டெனிஸின் சர்ச்சுக்கும் அந்த அழைப்பிதழ் போயிருக்கிறது.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் அப்பா கேட்டார்.

"அந்தம்மாவ இன்னா சொல்றேன்னு ஒரு வார்த்த கேக்கலியா?"

"பேசவே கூடாதுன்னு சட்டமாம்பா."

"கோழி திருடிகினு வந்து நிப்பான் பாரு, அவனையே கேப்பாங்களேம்மா. நான் பேரு கூப்புட்டு உள்ள அனுப்புனா, எப்பேர்ப்பட்ட ஜட்ஜா இருந்தாலும் 'நீ இன்னாய்யா சொல்ற'ன்னு கேப்பாரு. அந்தம்மாவ இன்னா பேரு சொல்லிக் கூப்புட்டாங்க?"

"முதலாளி வெச்ச பேரு."

"என்னக் கூலிக்காரன் புள்ளன்னு தெரிஞ்சிகினே அந்தாளுக்கு மால போட வெச்சிட்டாங்க."

"உன்ன யாரும் போட வைக்கலப்பா. நீயாதான் போட்ட."

"ஆமா. நான்தான் போட்டேன். புஸ்தகத்தப் பாத்தேன், புத்தி கெட்டுப் போட்டேன். அந்தப் படத்த எடுக்கச் சொல்லு. ஜல்தி."

6

எடுக்கச் சொல்வது அவ்வளவு லேசான காரியமா? குழுத் தலைவி ஒரு அம்மாள். முத்து மாலை, எப்போதும் சிரிப்பு. நான் மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் உணர்வுகளைப் பகிர்ந்ததற்கு நன்றி என்று பதில் வரும். மறுபடி அனுப்பினால் மறுபடி நன்றி. பத்திரிகையைக் கேட்டால் படம் குழுவுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். குழுவைக் கேட்டால் பத்திரிகையைக் கேள் என்றார்கள். இங்கே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். நன்றி நன்றி என்றே நம்மைத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நம் தாலுக்கா ஆபீஸில் போய் நாளைக்கு வா என்று விரட்டுவானே, அவனிடமாவது சண்டை போடலாம்.

"ஒரு போட்டோதான? வுடேன். சிட்டிசன்ஷிப் பேப்பரு பாதில நிக்கிது. இப்ப போயி ஊர்ப் பெரிய மனுசங்ககிட்ட வம்பு வெச்சிக்கினு, இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் என் வீட்டுக்காரர். வந்தவாசிக்காரர், சாதுவான மனிதர். பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பாவின் கூப்பிய கைகள் அந்த மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கடைசியில் குழுவின் பொதுக் கூட்டத்தில் பேசலாம் என்றார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். அப்பாவே பேசட்டும் என்று முடிவு செய்தேன். ஆரணியில் அப்போது விடியற்காலை. அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, போன் திரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் போனைத் தூக்கிக் காட்டி, படத்தில் இருப்பவர் இவர்தான், அவர் தமிழில் பேசுவார், நான் சொல்கிறேன் என்றேன்.

முத்து மாலை அம்மாள் சிரித்தபடியே சொன்னார். "மன்னிக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் வசிப்பவர்கள் மட்டும்தான் பேச முடியும். அதுதான் விதி."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. உங்கள் ஜட்ஜ் செய்ததும் இதுதானே, யார் விஷயமோ அவர் வாயையே அடைத்துவிட்டு விதி என்றாரே, என்று கேட்க வேண்டும். கேட்டேன், ஆனால் தமிழில். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் ஓடிவிடும், இத்தனை வருடம் ஆகியும். "யார் படமோ அவரு பேசக்கூடாதா? இது இன்னா நியாயம்? மனுசங்களா நீங்க?" என்று நான் கத்த, மண்டபம் முழுக்க மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்டது, ஒரு எழுத்தும் புரியாமல். மணி அடித்தார்கள். இரண்டு நிமிடம் முடிந்ததாம். நன்றி என்றார்கள்.

பக்கத்தில் ஜெனி காது சிவந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா, ப்ளீஸ், உக்காரும்மா" என்று என் சட்டையை இழுத்தாள். திரையில் அப்பா இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"என்னக் கூப்புட்டாங்களாம்மா?" என்றார்.

7

பத்து நாள் கழித்துத் தலைவியே போன் செய்தார். நல்ல செய்தி, உங்கள் அப்பாவின் விருப்பத்தை மதித்துக் குழு முடிவெடுத்துவிட்டது என்றார். நான் அழுதேவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆரணி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்று கண்காட்சி திறந்தார்கள். மாணவர் வழிகாட்டியாக நிற்க ஜெனியின் பெயரை எப்போதோ கொடுத்திருந்தது பள்ளி. உங்கள் பாரம்பரிய உடையில் வந்தால் அழகாக இருக்கும் என்று தலைவி சொல்லி அனுப்பியிருந்தார். அலமாரியில் ஆரணிப் பட்டு இருக்கிறது, ஆனால் நீ போகவே கூடாது என்று சொல்லிவிட்டேன். காலையில் நான் எழுவதற்குள் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பெற்ற பிள்ளையே அந்தப் பக்கம் போய்விட்டது என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, வேலை முடிந்ததும் நேராக அங்கே போனேன்.

வாசலில் நுழைந்ததும் அந்தப் படம். ஆள் உயரம்தான். அப்பாவை வெட்டி எடுத்திருந்தார்கள். வேட்டி இல்லை, முகம் இல்லை, கூப்பிய கை இல்லை. மாலை அப்படியே இருந்தது. ஜட்ஜ் வெல்டன் கழுத்தில் கார்னேஷன் மாலையோடு நின்றார். கீழே, உலகமே வணங்கும் நீதிமான் என்று எழுதியிருந்தது.

தலைவி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா? உங்கள் அப்பா இப்போது படத்தில் இல்லை" என்றார். உண்மையிலேயே எனக்கு உதவி செய்துவிட்டதாக அந்த அம்மாளுக்கு நினைப்பு. எனக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

அப்போதுதான் ஜெனியின் குரல் கேட்டது. படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வயதான தம்பதி படத்தைப் பார்த்து அழகு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெனி அவர்களிடம் தெளிவான இங்கிலீஷில் சொன்னாள், "இந்த மாலையைப் போட்டது என் தாத்தா. தெரியாமல் போட்டுவிட்டார். இப்போது அதைத் திரும்பக் கேட்கிறார். ஏன் என்று சொல்லட்டுமா?"

அந்தத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பரவாயில்லை கண்ணு என்று நகர்ந்துபோனார்கள். ஜெனி அடுத்து வந்தவரிடம் திரும்பினாள். அதையே சொன்னாள். தலைவியின் சிரிப்பு அப்போதுதான் முதல்முறையாகக் காணாமல் போனது.

மூடும்வரை காத்திருந்து அவளை அழைத்து வந்தேன். காரில் அவளே தாத்தாவுக்குப் போன் போட்டாள். படத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத் தன் உடைந்த தமிழில் சொன்னாள். அப்பா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பேத்தி முன்னால் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, தான் அங்கே நின்று என்ன சொன்னேன் என்பதையும் அவள் சொன்னாள்.

"எத்தினி பேரு நின்னு கேட்டாங்க பாப்பா?"

"மூணு பேர் தாத்தா. மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க."

"எப்ப வரிக்கும் தொறந்து வெச்சிருப்பாங்க?"

"சண்டே வரைக்கும்."

"அப்ப நாளைக்கும் போயி நில்லு" என்றார் அப்பா.

நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தில் நானும் நிற்கப் போகிறேன்.